பசியோடிருக்கும் குழல்

ஐப்பசி பிறந்ததிலிருந்து மலையில் வெயில் இல்லை. விடியும்போது பள்ளத்திலிருந்து ஏறி வரும் மூட்டம் கொல்லைகளின்மேல் உட்கார்ந்துவிட்டால் உச்சிப்பொழுதுவரை எழுந்திருப்பதில்லை. வெள்ளக்கடை ஊருக்கு மேலே, பஸ்ஸின் உறுமல் கேட்கும் ஆனால் பஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவில் அங்கப்பனின் வீடு இருந்தது. வீட்டுக்குக் கீழே சாமைக் கொல்லை. கொல்லை முடிகிற இடத்தில் ஒரு தட்டைப் பாறை. பாறைக்கு அந்தப் பக்கம் காடு.

சாமை முற்றித் தலை சாய்ந்திருந்தது. கொஞ்ச நாள் வெயில் கண்டால் அறுத்துவிடலாம். அந்தக் கொஞ்ச நாளைத்தான் மலை கொடுக்க மாட்டேன் என்றது. ஈரத்தோடு அறுத்தால் கதிர் கட்டிலேயே முளைவிட்டுவிடும். நிற்க விட்டால் அது வந்து தின்றது.

காட்டெருமை என்று ஏற்காட்டுக் கடைவீதியில் எல்லோரும் சொல்வார்கள். பயிர் நிற்கும் மாதங்களில் அங்கப்பன் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். ஆகவே, அது. கூட்டத்தை விட்டுப் பிரிந்துவந்த ஒற்றைக் காளை. அங்கப்பனின் மனைவி மாதம்மாள் அதை முழுதாகப் பார்த்ததில்லை. மூட்டத்தில் ஓரிடம் மட்டும் கருப்பாக இருக்கும். அங்கப்பன் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி, குண்டில்லாமல் வெறும் வெடிமருந்தைச் சுடுவான். கருப்பு கொஞ்சநேரம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு மெதுவாகக் கரைந்துபோகும். மறுநாள் காலை மறுபடியும் வரும். போன இடமெல்லாம் சாமை சேற்றோடு சேறாகிக் கிடக்கும். அந்தக் கொல்லைதான் வருசம் முழுக்க அவர்கள் இருவரின் சோறு.

துப்பாக்கி அங்கப்பனின் அப்பன் காலத்து நாட்டுத் துப்பாக்கி. லைசென்ஸ் உண்டு. குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருண்டையாக்கித் திணித்து, இடிகோலால் இடிக்க வேண்டும். பன்றிக்கென்றால் அதன்மேல் ஓர் ஈயக்குண்டும் இன்னொரு நாரும். குழலின் அடியில் ஒரு சின்ன மூக்கு. அதன்மேல் கேப்பு என்கிற வெடிமூடியை வைத்து, சுத்தியல்போன்ற குதிரையை விட்டால், நெருப்பு மூக்கின் துளைவழியே உள்ளே போகும்.

குழலை எப்போது கழுவுவது என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ரத்தம் பார்த்த அன்றைக்குத்தான். பன்றி விழுந்து, கறியைப் பங்கு போட்டு முடித்த பிறகு, வீட்டுக்காரி கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்து குழலின் வாயில் ஊற்றுவாள். கருப்புத் தண்ணீரைப் பலாமரத்தடியில் கொட்டுவார்கள். குறி தப்பிய நாளிலும் வெறும் மருந்து சுட்ட நாளிலும் குழலுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. அது இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிடாதவனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுப்பது, உனக்குச் சோறில்லை எழுந்து போ என்று சொல்வதுதானே.

வைகாசியில் ஒரு பன்றி விழுந்தது. அதற்குப் பிறகு குழல் பசியோடுதான் இருந்தது.

இப்போதெல்லாம் குதிரை விழும் சத்தத்துக்கும் வெடிக்கும் நடுவே ஓர் இடைவெளி வந்திருந்தது. ‘டக்’ என்று குதிரை விழும். அங்கப்பன் ஒரு மூச்சு விடுவான். பிறகுதான் வெடிக்கும். வீட்டில் களி கிண்டிக்கொண்டிருக்கும் மாதம்மாளின் கையில் துடுப்பு அந்த ஒரு மூச்சுக்கு நின்றுவிடும்.

ஒருநாள் மத்தியானம் அவளுடைய அண்ணன் சித்தன் வந்தான். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவன். பல வருசங்களுக்கு முன்னால் அவனுடைய துப்பாக்கி வெடித்து இடது கையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது. அந்தப் பக்கத்துக் காதும் கேட்காது.

“மாப்ள, ஊட்ல இருக்கறீங்களா, மூட்டம் தூக்கிட்டுப் போயிருச்சா?” என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டான்.

“வாங்க மச்சான். நொம்ப நனஞ்சுட்டீங்களே.”

“மத்தவங்களவிட நான் கம்மியாத்தான் நனைவேன். மூணு வெரலு மிச்சமில்ல.”

மாதம்மாள் சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் மணையை நகர்த்திப் போட்டாள். வெல்லம் போட்ட கருப்புக் காப்பியை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தான் சித்தன்.

“பழம் எப்படிங்கண்ணா?”

“செவந்து தொங்குது. மழையில பறிக்க ஆளில்ல. ரைட்டரு சொல்றாரு, ‘ஏன்டா சித்தா, பத்து வெரலு இருக்கறவனெல்லாம் பீடி குடிச்சுக்கிட்டு நிக்கறான், நீ ஒருத்தன்தான் பறிக்கறே’ன்னு. ‘பீடி புடிக்கறதுக்கு எனக்கு வெரலு பத்தலீங்க’ன்னேன்.”

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தின்றார்கள். அந்த வீட்டில் சாப்பிடும்போது பேச்சு கிடையாது. கூரையிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. கை கழுவிய பிறகும் அங்கப்பன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டத்துக்குள் கொல்லை இருப்பதே தெரியவில்லை.

“பாதிக்கு மேல போச்சு மச்சான்,” என்றான்.

“சுட்டீங்களா?”

“தெனமும் சுடறேன். வெறும் மருந்துன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்குக் குண்டு போடப்போறேன்.”

சித்தன் சிரிக்கவில்லை. “அதும்மேலயா? பாரஸ்டுக்காரனுக்குத் தெரிஞ்சா தொலச்சுருவான்.”

“மாசியில சட்டி காலியாப் போனா பாரஸ்டுக்காரன் வந்து சோறு போடுவானுங்களா?”

“பாரஸ்டுக்காரன உடுங்க. அத எதுத்துக்கிட்டு நிக்க உங்களால ஆவுமா?”

 சித்தன் எழுந்து, சுவரில் தொங்கிய துப்பாக்கியை எடுக்காமல், அதன் வாயை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் நுனியில் கருப்பாக ஒட்டியது.

“இது கடசியா எப்ப வாய் கொப்பளிச்சுது?”

“வைகாசியில.”

“என்ற துப்பாக்கியும் அப்படித்தான். நொம்ப நாளாப் பசியோட இருந்துச்சு. அதான் என்ற வெரலத் தின்னுட்டுது.” இதை அவன் எல்லா வீட்டிலும் சொல்லிச் சிரிப்பான். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது. “அன்னிக்கு இடிச்சு முடிச்சுட்டுப் பாக்கறேன், கோலு வாய்க்கு மேல ஒரு சாண் நிக்குதுங்க மாப்ள. எப்பவும் நாலு வெரக்கடைதான் நிக்கும். சரி, மருந்து கூடிப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டுச் சுட்டுட்டேன். ஊருலயும் அதையேதான் சொன்னாங்க. நானும் அதையே சொல்லிக்கிட்டுத் திரியறேன்.”

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மாதம்மாள் தலை நிமிர்ந்தாள். “மருந்த எதுலண்ணா அளந்தீங்க?”

“கொம்புலதான். மருந்துக் கொம்பு.”

“எப்பவும் போடற கொம்பா?”

“வேற எந்தக் கொம்பு?”

“அப்பறம் எப்படிக் கூடும்?”

 மழை கொஞ்சம் வலுத்துப் பெய்து ஓய்ந்தது. சித்தன் இரண்டு விரலால் தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“இத்தன வருசத்துல இத நான் ஒருக்காக்கூடக் கேக்கல பாரு,” என்றான் கடைசியில். “கண்ணு, அப்ப அந்தக் கோலு எதும்மேல நின்னுச்சு?”

பொழுது சாய்வதற்குள் மாதம்மாள் துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்துவிட்டாள். வெறும் குழலுக்குள் ஒரு நார் உருண்டையைப் போட்டு இடிகோலால் தள்ளினாள். பாதிவழியில் நின்றுகொண்டது. அழுத்தினால் மண்ணில் குத்துவதுபோல நறநறத்தது.

“ஏனுங்க, நாரு உள்ள போவ மாட்டேங்குதுங்க.”

“ஈர நாரா இருக்கும்.”

“அடுப்போரத்துல காஞ்சதுங்க.” கொக்கி வைத்த கோலால் நாரை வெளியே இழுத்தாள். தாரில் முக்கியதுபோல வந்தது. “ஒரு செம்பு வெந்நி ஊத்திரட்டுங்களா?”

“உனக்கென்ன கிறுக்கா புள்ள? நாளைக்கு அதுகிட்டப் போகப்போறேன். இன்னிக்கா துப்பாக்கிக்குத் தண்ணி காட்டறது?”

“களி கிண்டுன சட்டிய நாம கழுவாமயா வெச்சுக்கறோம்?”

“சட்டியும் இதுவும் ஒண்ணா?”

“ஒண்ணில்லீங்க. சட்டி வெடிக்காது.”

அங்கப்பன் துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கிச் சுவரில் மாட்டினான்.  பதினைந்து வருசக் குடித்தனத்தில் சண்டை என்று வந்தால் அவர்கள் பேசாமல்தான் போடுவார்கள்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அங்கப்பன் மருந்தைக் கொட்டி இடித்தான். குண்டைப் போட்டு இடித்தான். கோல் வாய்க்குமேல் உயரமாக நின்றது. அவன் அதைப் பார்த்தான். உள்ளங்கையை வைத்து உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினான். கோல் இறங்கவில்லை. மாதம்மாள் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். கோலை உருவிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனான். அவளும் பின்னாலேயே இறங்கினாள். திரும்பிப் போ என்று அவன் சொல்லவில்லை.

பாறையருகே நின்றார்கள். மூட்டம் முகத்தில் ஈரத்துணியைப்போலப் படிந்தது. ஒரு பறவையும் கத்தவில்லை. சாமைத் தாள் ஒடியும் சத்தம் மட்டும், நிதானமாக, ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடும் சத்தம்போலக் கேட்டது.

பிறகு காற்று ஒன்று பள்ளத்திலிருந்து வந்து மூட்டத்தைக் கிழித்தது.

மாதம்மாள் முதலில் கால்களைத்தான் பார்த்தாள். நான்கும் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக, மாவுக்குள் நின்றுவிட்டு எழுந்து வந்தவைபோல இருந்தன. அந்தச் சிறிய வெள்ளைக் கால்களின்மேல் இவ்வளவு எப்படி நிற்கிறது என்று தோன்றியது. கண்ணை உயர்த்திக்கொண்டே போனாள். வயிறு முடிந்து முதுகு வருவதற்கே நேரமானது. முதுகின்மேல் இன்னொரு மேடு, அதன்மேல் நீர்த்துளிகள். கொம்புகள் அடியில் பழுத்த வாழைப்பழ நிறமாக இருந்து நுனியில் கருத்திருந்தன. அதன் உடம்பிலிருந்து ஆவி எழுந்து மூட்டத்தோடு சேர்ந்தது. இந்த மூட்டம் முழுக்க அது விட்ட மூச்சுதானோ என்று நினைத்தாள். தன் ஒரு வருசச் சோறு அதன் வாயில் தொங்குவதைப் பார்த்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. கும்பிட வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை.

அங்கப்பன் துப்பாக்கியை உயர்த்தினான்.

‘டக்.’

ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. வெடிக்கவில்லை.

அது தலையைத் திருப்பியது. அங்கப்பன் மறுபடி கேப்பு வைக்கவில்லை. துப்பாக்கி அவன் பிடியிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்தது. அவன் மாதம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அடியடியாகப் பின்வாங்கினான். சரிவின் கல்லில் முதுகு முட்டி நின்றார்கள். அதற்குமேல் போக இடமில்லை.

அது நடந்து வந்தது. ஓடவில்லை. நிலம் அதிர்வதை மாதம்மாள் உள்ளங்காலில் உணர்ந்தாள். பாறைக்கு வந்ததும் நின்று மூக்கைத் தாழ்த்தியது. துப்பாக்கியின் கட்டையை மோந்தது. குழலோரமாகவே மோந்துகொண்டு அதன் வாய்க்கு வந்தது. சாம்பல்நிற நாக்கு ஒன்று நீண்டு குழலின் வாயை நக்கியது.

“வெடிக்கப் போவுது,” என்றான் அங்கப்பன். உதடு மட்டும் அசைந்தது. உள்ளே மருந்து இருந்தது, குண்டு இருந்தது, எங்காவது ஒரு பொறி இன்னும் உயிரோடு இருக்கலாம். சற்றுமுன் அதைக் கொல்லக் குறி பார்த்தவன், வெடிக்கக் கூடாது, வெடிக்கக் கூடாது என்று மலைச்சாமி சேர்வராயனை வேண்டிக்கொண்டு நின்றான்.

நாக்கு மறுபடி மறுபடி வந்தது. கன்றை நக்குவதுபோல. பிறகு அது பெரிதாக ஒரு மூச்சு விட்டது. அந்தச் சூடு அவர்கள் முகம்வரை வந்தது. திரும்பி நடந்து காட்டுக்குள் போயிற்று. மூட்டம் அதன் பின்னால் மூடிக்கொண்டது.

இருவரும் நெடுநேரம் அங்கேயே நின்றார்கள். மாதம்மாளின் கையை அவன் விடவில்லை. அவளும் எடுத்துக்கொள்ளவில்லை.

இரவு அங்கேயே தங்கியிருந்த சித்தன்தான் தேடிக்கொண்டு வந்தான். நடந்ததைக் கேட்டதும், துப்பாக்கியை எடுக்கக் குனிந்த அங்கப்பனைத் தோளைப் பிடித்து இழுத்தான். “தொடாதீங்க மாப்ள. ஊட்டுக்குள்ள கொண்டுபோவவே கூடாது. அது எப்ப வேணாலும் வெடிக்கும்.”

“அப்ப என்ன பண்றது?”

“தண்ணி ஊத்தி மருந்தச் சாவடிக்கோணும்,” என்றாள் மாதம்மாள்.

அங்கப்பன் அவளைப் பார்த்தான். “அது ஒண்ணுமே சாப்புடல, மாதம்மா.” சின்னக் குரலில், கெஞ்சுவதுபோலச் சொன்னான்.

“ஏனுங்க, ஒறம்பர சனம் வந்தா சாப்புட்ட பொறவு மட்டுமா தண்ணி குடுக்கறோம்? வந்து வாசல்ல நின்னதும் செம்புல தண்ணி குடுத்து, கைகால் கழுவுங்க, வாய் கொப்பளிங்கன்னு சொல்றமில்ல? அது எந்திரிச்சுப் போன்னா அர்த்தம்? வா, வந்து உக்காருன்னுதானுங்க.”

சித்தன் கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு நின்றான். “பழக்கத்த மாத்தச் சொல்லல மாப்ள அவ. பந்திக்கு முன்னாடி ஒருக்கா, பின்னாடி ஒருக்காங்கறா.”

அங்கப்பன் பாறையில் குந்தினான். “தண்ணி காய வெச்சுக் கொண்டா,” என்றான்.

ஈர விறகு எரியாமல் புகைந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்து, பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் சரிவில் இறங்கிவந்தாள். முதலில் மூக்கின்மேல் ஊற்றினாள், பிறகு வாயில். ஊறவிட்டுக் காத்திருந்தார்கள். சித்தன் கொக்கிக் கோலை இரண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துத் திருகி நாரை இழுத்தான். குண்டு பாறையில் விழுந்து உருண்டது. குண்டு எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று கோலில் நகத்தால் கீறிவைத்திருந்தான். அந்தக் கோலைக் குழலுக்கு வெளியே ஒட்டிப் பிடித்துக் காட்டினான். மருந்து குழலின் அடியில் கிடந்தது. குண்டு நடுவழியில் கரியில் சிக்கி நின்றிருந்தது. நடுவில் வெறும் இடம்.

சித்தன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கூடுனது மருந்தில்ல மாப்ள, கரி. குண்டு மருந்துமேல உக்காராம நடுவுல நின்னுதான் கொழலு வெடிச்சிருக்குது,” என்றான்.

 அங்கப்பன் துப்பாக்கியை நிமிர்த்தித் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டான். “ஊத்து,” என்றான்.

முதல் தண்ணீர் தார்போல வந்தது. அடுத்தது துருவோடு சிவந்து வந்தது. மறுபடி கருப்பு. அவள் மேலே போய்க் காயவைத்துக் கொண்டுவந்துகொண்டே இருந்தாள். பலாமரத்தடி ரத்தம் பார்த்த தண்ணீருக்கானது. அதனால் எல்லாவற்றையும் அந்தப் பாறையின்மேலேயே கொட்டினார்கள். பாறைக் குழிகளில் கருப்பாகத் தேங்கியது. உதட்டில் தெறித்த துளியை மாதம்மாள் நாக்கால் தொட்டாள். உப்புக் கரித்தது. வெடியுப்பு வாசனை அடித்தது. கடைசிப் பானைத் தண்ணீர் ஊற்றுத் தண்ணீரைப்போலத் தெளிந்து வந்தது. மூக்கைக் கழற்றிவிட்டுக் குழலின் வாயில் அவள் ஊதினாள். அடியிலிருந்த துளைவழியே காற்று மெல்லிய சீழ்க்கையாக வெளியே வந்தது. அங்கப்பன் அதைக் கேட்க மறுபடி ஒருமுறை ஊதச் சொன்னான்.

மறுநாள் லேசான தூறல். அது வரவில்லை. அதற்கு அடுத்த நாள் விடியலில் மூட்டம் மெலிந்திருந்தது. இருவரும் கொல்லைக்கு மேலே நின்றார்கள். துப்பாக்கியில் வெறும் மருந்துதான். கோல் நாலு விரக்கடைக்குமேல் நிற்கவில்லை.

அது வந்தது.

சாமைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. நேராகப் பாறைக்கு வந்தது. முன்னங்கால்களை லேசாக விரித்துத் தலையைத் தாழ்த்திக் குழிகளின் அடியில் படிந்திருந்த கருப்பு உப்பை நக்கத் தொடங்கியது. நாக்கு கல்லில் உரசும் சத்தம் மேலேவரை கேட்டது. அங்கப்பன் துப்பாக்கி விசையில் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டான். வெயில், அந்த மாதத்தின் முதல் வெயில், மலைக்குமேல் எட்டிப் பார்த்து அதன் முதுகு மேட்டில் விழுந்தது. அங்கே இருந்த நீர்த்துளிகள் ஒவ்வொன்றும் எரிந்தன. மாதம்மாளின் கைகள் தாமாகவே சேர்ந்துகொண்டன.

எல்லாக் குழிகளையும் நக்கி முடித்த பிறகு அது நிமிர்ந்து, வந்த வழியிலேயே காட்டுக்குள் போயிற்று. ஒரு கதிரையும் மிதிக்கவில்லை.

அங்கப்பன் அங்கேயே குந்தினான்.

“தண்ணி காய வையி, மாதம்மா.”

“இன்னிக்குச் சுடவே இல்லீங்களே.”

அவன் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு காட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“சாப்புட்டுட்டுத்தான போவுது.”

அவள் வீட்டை நோக்கி ஏறினாள். பாதிவழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். பாறையில் அதன் நாக்கு பட்ட இடங்கள் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.